ஃபிளிக்கர் ஏபிஐ: தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபிளிக்கர் ஒரு படப் பகிர்வுத் தளம். ஒரு நிரல் அந்தத் தளத்தோடு நேரடியாகப் பேசத் தரப்பட்டிருக்கும் வழிதான் அதன் ஏபிஐ. அங்கே இருக்கும் படங்களைத் தங்கள் நிரல் வழியாகத் தேடவும் காட்டவும் ஏற்றவும் நினைக்கிறவர்கள் ஆரம்பத்தில் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஏதாவது ஒரு மொழியில் சின்ன நிரல் எழுதத் தெரிந்திருந்தால் போதும். ஏபிஐ செய்து தரும் ஒவ்வொரு வேலைக்கும் மெதட் என்று பெயர். மெதட் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் எழுதும்போது அதிகாரபூர்வ ஆவணத்தில் உள்ளபடி எழுத்து பிசகாமல் எழுதுங்கள்.

இந்த ஏபிஐ-யை வைத்து என்னென்ன செய்யலாம்?

ஃபிளிக்கர் தளத்தில் கையால் செய்கிற பெரும்பாலான காரியங்களை நிரலிலிருந்தே செய்யலாம். குறிச்சொல், தேதி, இடம், உரிமம் என்று எதை வைத்தும் பொதுப் படங்களைத் தேடலாம். ஒருவருடைய ஆல்பங்களை வரிசையாக எடுக்கலாம். ஒரு படத்தின் கேமரா விவரங்களைப் படிக்கலாம். உரிமையாளர் அனுமதித்தால் அவர் கணக்கில் படம் ஏற்றலாம், தலைப்பை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம்.

உங்கள் இணையதளத்தின் ஓரத்தில் உங்களுடைய கடைசிப் பத்துப் படங்களைக் காட்டுவதிலிருந்து, பழைய படங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளும் காப்பு நிரல் வரை எல்லாவற்றுக்கும் இது உதவும். ஃபிளிக்கரைப் போலவே இன்னொரு தளத்தை அதன் படங்களை வைத்தே கட்டுவது மட்டும் கூடாது. விதிமுறையே அதைத் தடுக்கிறது.

இன்ஸ்டாகிராம், கூகுள் போட்டோஸ் எல்லாம் இருக்கும்போது ஏன் ஃபிளிக்கர்?

கற்றுக்கொள்ள நல்ல இடம் என்பதுதான் முதல் காரணம். 2004-இல் தொடங்கிய தளம் இது. 2005-இல் யாஹூ கைக்குப் போய், 2018-இல் ஸ்மக்மக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இவ்வளவு கைமாறியும் பொதுப் படங்களைத் தேடும் ஏபிஐ இன்னும் வெளியாருக்குத் திறந்தே இருக்கிறது.

மற்ற இடங்களில் கதவு சுருங்கிக்கொண்டே வருகிறது. இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குகளுக்கென இருந்த பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கூகுள் போட்டோஸ் லைப்ரரி ஏபிஐ-யில் 2025 மார்ச்சுக்குப் பிறகு, உங்கள் செயலி ஏற்றிய படங்களைத்தான் அந்தச் செயலியால் பட்டியலிட முடியும். அழகான படம் மட்டும் போதும் என்றால் அன்ஸ்பிளாஷ் எளிது. ஆனால் சோதனை நிலையில் மணிக்கு 50 கோரிக்கைதான். இடக் குறிப்பு, எடுத்த தேதி, உரிமம், பழைய ஆவணப் படங்கள் என்று தகவல் ஆழம் வேண்டுமென்றால் நான் ஃபிளிக்கரைத்தான் சொல்வேன்.

கீ எப்படி வாங்குவது?

ஃபிளிக்கர் கணக்கில் நுழைந்து, ஆப் கார்டன் என்ற பகுதிக்குப் போனால் ஏபிஐ கீ கேட்கும் படிவம் இருக்கும். வணிகப் பயன்பாடா, வணிகம் அல்லாததா என்று கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் செயலியை வணிகம் அல்லாதது என்று பதிந்தால் ஒரு நாள் கீ முடக்கப்படலாம். யாருக்கு எந்த வகைக் கீ கிடைக்கும் என்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்துவிடுங்கள்.

முடிவில் இரண்டு சரங்கள் கிடைக்கும்: ஒன்று கீ, இன்னொன்று சீக்ரெட். உங்கள் செயலியை அடையாளம் காட்டும் கீ ஒவ்வொரு கோரிக்கையிலும் வெளிப்படையாகப் போகும். சீக்ரெட் உங்கள் சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது. கையொப்பம் போட, அதாவது கோரிக்கை உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் சரத்தைக் கணக்கிட மட்டும்தான் அது.

நிரல் எழுதாமலே முயன்று பார்க்க முடியுமா?

முடியும். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு மெதட்டின் ஆவணப் பக்கத்திலும் ஏபிஐ எக்ஸ்புளோரருக்கு ஒரு இணைப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் அந்த மெதட் ஏற்கும் எல்லா அளவுருக்களும் பெட்டிகளாக வரும். நிரப்பி, பதில் வடிவத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் கீழே பதில் வரும். அதற்கும் கீழே, அந்தப் பதிலைத் தந்த முழு முகவரியும் இருக்கும்.

அந்த முகவரிதான் பொக்கிஷம். அதை எடுத்து பிரவுசரில் ஒட்டுங்கள், ஒரு அளவுருவை மட்டும் மாற்றுங்கள், என்ன மாறுகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் இப்படிப் பழகிவிட்டு நிரல் எழுத உட்கார்ந்தால், பிழை வரும்போது அது உங்கள் நிரலில் இருக்கிறதா, கோரிக்கையில் இருக்கிறதா என்று உடனே பிரித்துவிடலாம். ஒரே கோரிக்கையைக் கையொப்பத்தோடும் இல்லாமலும் அனுப்பிப் பார்க்கும் வசதியும் அங்கே உண்டு. உங்கள் தனிப்பட்ட படங்கள் ஒன்றில் வந்து இன்னொன்றில் வராமல் போவதைப் பார்த்தாலே அனுமதி விவகாரம் பாதி புரிந்துவிடும்.

என் நிரலிலிருந்து அனுப்பும் முதல் கோரிக்கை எதுவாக இருக்கட்டும்?

டெஸ்ட்.எக்கோ. நீங்கள் அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பும் மெதட் அது. படம் ஏற்றுவதும் பயனரிடம் அனுமதி வாங்குவதும் தவிர மற்ற எல்லாக் கோரிக்கைகளும் ரெஸ்ட் முகவரி என்ற ஒரே முகவரிக்குத்தான் போகின்றன. எந்த வேலை வேண்டும் என்பதை மெதட் என்ற அளவுரு சொல்கிறது. அதோடு ஏபிஐ கீ, பதில் வடிவம் இரண்டும் சேர்ந்தால் கோரிக்கை முழுமை. 2014 ஜூனிலிருந்து எச்டிடிபிஎஸ் மட்டும்தான் செல்லும். பழைய பாடங்களிலிருந்து நகலெடுத்த முகவரி வேலை செய்யாததற்கு இது ஒரு காரணம்.

எக்கோ திரும்பி வந்துவிட்டால் கீ சரி, இணைப்பு சரி, உங்கள் நிரல் பதிலைப் படிப்பதும் சரி. இந்த மூன்றும் உறுதியான பிறகு தேடலுக்குப் போங்கள்.

ஜேசன் கேட்டேன். பதில் வருகிறது, ஆனால் பார்சர் பிழை சொல்கிறதே?

ஜேசன் என்பது தரவை எழுதும் ஒரு வடிவம், பார்சர் அதைப் படிக்கும் நிரல் பகுதி. பதிலின் முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். ஜேசன்ஃபிளிக்கர்ஏபிஐ என்ற ஃபங்ஷன் பெயரும் ஒரு அடைப்புக்குறியும் ஆரம்பத்தில் இருக்கும். வேறு தளத்திலிருந்து தரவை ஸ்கிரிப்ட் டேக் வழியாக இழுத்த காலத்துப் பழக்கம் அது. நோஜேசன்கால்பேக் என்ற அளவுருவை 1 என்று கொடுத்தால் அந்த உறை நீங்கி வெறும் ஜேசன் வரும். வடிவமே குறிப்பிடவில்லை என்றால் எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு வடிவத்தில் வரும்.

ஜேசனில் இன்னொரு விஷயம்: தலைப்பு, விளக்கம் போன்றவை சில மெதட்களில் நேரடிச் சரமாக வராமல், அடிக்கோட்டுடன் தொடங்கும் கன்டென்ட் என்ற புலத்துக்குள் இருக்கும். எக்ஸ்எம்எல்லை ஜேசனாக மாற்றியதால் வந்த வடிவம் இது. தேடல் பதிலில் தலைப்பு நேரடியாகவும், ஒரு படத்தின் விவரங்களைத் தரும் கெட்இன்ஃபோ மெதட்டின் பதிலில் உள்ளே புதைந்தும் இருக்கும்.

எச்டிடிபி 200 வருகிறது, ஆனால் படங்கள் இல்லையே?

ஃபிளிக்கர் பிழையைக்கூட 200 என்ற நிலையோடுதான் அனுப்பும். பதிலுக்குள் இருக்கும் ஸ்டாட் என்ற புலத்தைப் பார்க்க வேண்டும்: ஓகே என்றால் வெற்றி, ஃபெயில் என்றால் தோல்வி. தோல்வியில் எண்ணும் விளக்கமும் இருக்கும். 100 என்றால் கீ தவறு. 112 என்றால் அப்படி ஒரு மெதட் இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழை. 96 என்றால் கையொப்பம் பொருந்தவில்லை. 99 என்றால் அனுமதி போதாது. 105 என்றால் சேவை தற்காலிகமாக இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பலாம்.

105-ஐத் தவிர இங்கே சொன்ன மற்றவற்றை மறுபடி மறுபடி அனுப்பிப் பயனில்லை. எல்லாப் பிழைக்கும் ஒரே மறுமுயற்சிச் சுழற்சி எழுதினால், தவறான கீயை வைத்துக்கொண்டு சர்வரைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

தேடினால் எண்களும் எழுத்துகளும்தான் வருகின்றன. படத்தின் முகவரி எங்கே?

ஃபோட்டோஸ்.சர்ச் திருப்பித் தருவது படத்தின் ஐடி, உரிமையாளர் ஐடி, சீக்ரெட், சர்வர் எண், தலைப்பு போன்றவை. இவற்றிலிருந்து முகவரியை நீங்களே கட்டலாம்: லைவ் ஸ்டாட்டிக்ஃபிளிக்கர் என்ற தளப் பெயர், பிறகு சர்வர் எண், ஒரு சாய்கோடு, பிறகு ஐடி, அடிக்கோடு, சீக்ரெட், அடிக்கோடு, அளவைக் குறிக்கும் ஒரு எழுத்து, கடைசியில் ஜேபிஜி. இங்கே சொல்லும் சீக்ரெட் அந்தப் படத்துக்கானது. உங்கள் கீயோடு வந்த சீக்ரெட் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆப் சீக்ரெட்டை முகவரியில் போட்டுவிடாதீர்கள்.

அளவு எழுத்துகளில் ஒரு பொறி இருக்கிறது. முகவரியில் எம் என்று போட்டால் நீண்ட பக்கம் 240 பிக்சல் உள்ள சின்னப் படம் வரும். எழுத்தே போடாவிட்டால் 500. இசட் 640, சி 800, பி 1024. ஆனால் தேடலில் எக்ஸ்ட்ராஸ் வழியாக யூஆர்எல் அடிக்கோடு எம் என்று கேட்டால் வருவது 500 பிக்சல் படம்! 240 வேண்டுமென்றால் அங்கே எஸ் கேட்க வேண்டும். 1024 வேண்டுமென்றால் எல். இரண்டு பட்டியலையும் கலந்துவிட்டுப் படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று தேடுகிறவர்கள் நிறைய.

மூலப் படத்துக்கும் 1600, 2048 போன்ற பெரிய அளவுகளுக்கும் தனித்தனி சீக்ரெட் உண்டு. சாதாரண சீக்ரெட்டை வைத்து அவற்றின் முகவரியைக் கட்ட முடியாது. கெட்சைஸஸ் என்ற மெதட்டிடம் கேட்டால், அந்தப் படத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அளவுகள் எல்லாம் முகவரியோடு வரும்.

அந்த எக்ஸ்ட்ராஸ் என்பது என்ன?

என் பார்வையில் இந்த ஏபிஐ-யின் மிகப் பயனுள்ள அளவுரு அதுதான். தேடும்போதே உரிமையாளர் பெயர், உரிமம், எடுத்த தேதி, இடம், குறிச்சொற்கள், பல அளவு முகவரிகள் என்று காற்புள்ளி போட்டுக் கேட்டுவிடலாம்.

இதைத் தெரியாதவர்கள் முதலில் தேடி, பிறகு ஒவ்வொரு படத்துக்கும் கெட்இன்ஃபோ அழைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 படங்களுக்கு, பக்கத்துக்கு 500 வீதம் எக்ஸ்ட்ராஸோடு கேட்டால் எட்டுக் கோரிக்கையில் முடிந்துவிடும். படத்துக்கு ஒன்று என்று போனால் 4,000 கோரிக்கை கூடுதல். ஒரு கீக்கு மணிக்கு 3,600 என்பதுதான் ஃபிளிக்கர் சொல்லும் வரம்பு, அதாவது சராசரியாக வினாடிக்கு ஒன்று. சில வினாடியில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கருத்துகள், குறிப்புகள் போன்று எக்ஸ்ட்ராஸில் கிடைக்காதவை வேண்டும்போது மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ஒருவருடைய பெயர் தெரியும். அவர் படங்களை எப்படி எடுப்பது?

ஏபிஐ-க்குப் பெயர் போதாது. எண்களும் நடுவில் அட் குறியும் கொண்ட பயனர் ஐடி வேண்டும். திரையில் தெரியும் பெயரிலிருந்து அதைப் பெற பீப்பிள்.ஃபைண்ட்பையூசர்நேம் இருக்கிறது. ஆனால் முகவரிப் பட்டையில் தெரியும் பெயரும் திரைப் பெயரும் வேறு வேறாக இருக்கலாம். அதனால் பக்க முகவரியையே முழுதாகக் கொடுத்து யூஆர்எல்ஸ்.லுக்அப்யூசர் அழைப்பது பாதுகாப்பு. கிடைத்த ஐடியைச் சேமித்துவையுங்கள். பெயர் மாறினாலும் ஐடி மாறாது. எல்லா ஐடிகளையும் சரமாகவே சேமியுங்கள், எண்ணாக மாற்றாதீர்கள்.

லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாகத் தேடல் பதிலில் வரும் டோட்டல் என்ற எண் சொல்கிறது. ஆனால் கொஞ்சம் பக்கங்களுக்குப் பிறகு வந்ததே திரும்ப வருகிறதே?

ஒரு தேடலுக்கு முதல் 4,000 முடிவுகளுக்கு மேல் ஃபிளிக்கர் தராது. டோட்டல் எவ்வளவு காட்டினாலும் சரி. அதற்கப்பால் உள்ள பக்கத்தைக் கேட்டால் புதிதாக எதுவும் கிடைக்காது. ஆவணத்தில் சின்னக் குறிப்பாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. நிரல் ஓடி முடிந்து தரவுத்தளமும் நிறைந்துவிடும். அதில் பாதி ஒரே படங்களாக இருக்கும்.

வழி இருக்கிறது: தேடலைத் தேதியால் துண்டு போடுங்கள். மின் அப்லோட் டேட், மேக்ஸ் அப்லோட் டேட் என்ற இரண்டு எல்லைகளைக் கொடுத்து, முதலில் பக்கத்துக்கு ஒரு படம் என்று மட்டும் கேட்டு டோட்டலைப் பாருங்கள். 4,000-க்கு மேல் இருந்தால் அந்தக் காலத்தை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பாதிக்கும் அதையே செய்யுங்கள். எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கிய பிறகு பக்கம் பக்கமாக எடுக்கத் தொடங்கலாம். பரபரப்பான ஒரு குறிச்சொல்லுக்குத் துண்டு சில மணி நேர அளவுக்குச் சுருங்கும். ஆள் அரவமில்லாத குறிச்சொல்லுக்கு ஒரு வருடமே ஒரு துண்டாக இருக்கும். டோட்டல் துல்லியமானது அல்ல என்பதால் 4,000-ஐ ஒட்டிப் போகாமல் 3,500 அளவில் பிளந்துவிடுவது நல்லது.

இன்னொரு வேலையும் உண்டு. இயல்பான வரிசை புதியது முதலில் என்பதால், நீங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது யாராவது புதுப் படம் ஏற்றினால் எல்லாம் ஓர் இடம் கீழே நகரும். நான்காம் பக்கத்தின் முதல் படம் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். மேல் எல்லைத் தேதியை ஓட்டம் தொடங்கும் நேரத்தில் நிலைநிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள்.

வரைபடத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடலாமா?

தேடலாம். பிபாக்ஸ் என்ற அளவுருவில் நான்கு எண்கள்: குறைந்த தீர்க்கரேகை, குறைந்த அட்சரேகை, அதிகத் தீர்க்கரேகை, அதிக அட்சரேகை. தீர்க்கரேகைதான் முதலில் வரும். பழக்கத்தில் மாற்றிப் போட்டால் கடலுக்கு நடுவே தேடிக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால் ஒரு புள்ளியும் ஆரமும் கொடுக்கலாம். ஆரம் அதிகபட்சம் 32 கிலோமீட்டர்.

இடத்தை மட்டும் கொடுத்துக் குறிச்சொல்லோ தேதி எல்லையோ கொடுக்காவிட்டால் கடைசி 12 மணி நேரத்தில் ஏற்றியவை மட்டும்தான் வரும். முடிவு குறைவாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு முக்கால்வாசி நேரம் இதுதான் பதில். இடத் தேடலில் பக்கத்துக்கு 250-தான் உச்சம் என்பதையும் மனதில் வையுங்கள். அக்யூரசி என்பது 1 முதல் 16 வரை: 1 உலக அளவு, 11 நகர அளவு, 16 தெரு அளவு.

எடுத்த தேதியும் ஏற்றிய தேதியும் குழப்புகின்றனவே?

ஏற்றிய தேதி யூனிக்ஸ் நேரமுத்திரை, அதாவது 1970 ஜனவரி 1-இலிருந்து ஜிஎம்டி-யில் எண்ணிய வினாடிகள். அதில் சந்தேகமே இல்லை. எடுத்த தேதி கேமரா சொன்னது. அதற்கு நேர மண்டலம் கிடையாது. 2019-05-14 17:42:10 என்று வந்தால் அது படம் எடுத்தவரின் கேமரா கடிகாரத்தில் ஓடிய நேரம். அதை ஜிஎம்டி என்று எண்ணி மாற்றினால் மாலைப் படம் நள்ளிரவுக்குப் போய்விடும். அப்படியே சரமாக வைத்து அப்படியே காட்டுங்கள்.

எடுத்த தேதியோடு கிரானுலாரிட்டி என்ற எண்ணும் வரும். 0 என்றால் முழுத் தேதி, 4 என்றால் மாதம் வரைதான் தெரியும், 6 என்றால் வருடம் மட்டும், 8 என்றால் சுமாராக அந்த வருடத்தை ஒட்டி. பழைய ஆவணப் படங்களில் இது மிக முக்கியம். ஒரு நூறு வருடத்துப் படத்துக்கு ஜனவரி 1 என்று தேதி காட்டினால் அது பொய்த் தகவல்.

தமிழ்க் குறிச்சொல்லைக் கையொப்பமிட்ட கோரிக்கையில் தேடினால் கையொப்பம் தவறு என்கிறதே?

யூடிஎஃப்-8 எதையும் ஃபிளிக்கர் ஏற்கும். சிக்கல் பெரும்பாலும் குறியேற்றத்தில் இருக்கும். மழை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ம, ழ, ஐகாரக் குறி என்று மூன்று குறிகள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 9 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும், ஆக 27. கையொப்பத்துக்கான அடிச்சரத்தில் இந்த 27-ம் இன்னொரு முறை குறியேற்றப்பட வேண்டும். அப்போது ஒவ்வொரு சதவீதக் குறியும் மூன்று எழுத்தாகி மொத்தம் 45 ஆகிவிடும். உங்கள் அடிச்சரத்தை அச்சிட்டு எண்ணுங்கள். 27 இருந்தால் ஒரு முறை விட்டுவிட்டீர்கள். 63 இருந்தால் ஒரு முறை கூடுதலாகச் செய்துவிட்டீர்கள்.

இதோடு, கோ, போ போன்ற எழுத்துகளின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைட் அளவில் வேறு வேறு. அனுப்பும் முன், துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு உள்ளமைந்த ஃபங்ஷனே இருக்கிறது.

ஓஆத் எப்போது தேவை? எனக்குப் பயமாக இருக்கிறது.

கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு செயலிக்குத் தன் கணக்கில் அனுமதி தர பயனருக்கு இருக்கும் முறைதான் ஓஆத். பொதுப் படங்களைப் படிக்க மட்டும் என்றால் தேவையே இல்லை, கீ போதும். யாருடைய தனிப்பட்ட படத்தையாவது பார்க்க, அல்லது யார் கணக்கிலாவது ஏதாவது மாற்ற வேண்டுமென்றால்தான் ஓஆத். அதனால் முதல் திட்டத்தைப் பொதுப் படங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளிக்கர் பயன்படுத்துவது ஓஆத் 1.0ஏ, மற்ற சேவைகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 2.0 அல்ல. நடப்பது இதுதான். உங்கள் நிரல் முதலில் ஒரு தற்காலிக டோக்கன் வாங்குகிறது. பயனரை அந்த டோக்கனோடு ஃபிளிக்கரின் அனுமதிப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அவர் சரி என்றால், ஒரு வெரிஃபையர் சரத்தோடு உங்கள் முகவரிக்குத் திரும்பி வருகிறார். அந்த வெரிஃபையரையும் தற்காலிக டோக்கனையும் கொடுத்து நிரந்தர டோக்கனையும் அதற்கான சீக்ரெட்டையும் வாங்கிக்கொள்கிறீர்கள். கடவுச்சொல் எந்த இடத்திலும் உங்கள் கையில் வருவதில்லை. இந்தச் சுற்று வழியே அதற்காகத்தான். டோக்கன் கிடைத்ததும் டெஸ்ட்.லாகின் அழைத்துப் பாருங்கள், யார் கணக்கு என்று சொல்லும்.

கையொப்பத்தைக் கையாலேயே எழுத வேண்டாம். எந்த மொழியிலும் சோதித்துத் தேறிய நூலகம் இருக்கும். ஒருமுறை புரிந்துகொள்வதற்காக எழுதிப் பாருங்கள், பயன்பாட்டுக்கு நூலகத்தை வையுங்கள்.

நூலகம் இருந்தும் கையொப்பம் பொருந்தவில்லை என்கிறது. எங்கே பார்ப்பது?

அளவுருக்கள் பெயர் வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவா? இடைவெளி பிளஸ் குறியாகப் போகிறதா, சதவீதம் 20 ஆகப் போகிறதா? பின்னதுதான் சரி. கையொப்பத்தைக் கணக்கிடும் எச்எம்ஏசி முறைக்கான சாவி உங்கள் ஆப் சீக்ரெட், ஒரு ஆம்பர்சேண்ட், டோக்கன் சீக்ரெட் மூன்றும் சேர்ந்தது. முதல் படியில் டோக்கன் சீக்ரெட் இன்னும் இல்லை என்றாலும் ஆம்பர்சேண்ட் கட்டாயம் இருக்க வேண்டும். கணினியின் கடிகாரம் விலகியிருந்தாலும் கோரிக்கை மறுக்கப்படும், அதையும் பாருங்கள்.

ரீட், ரைட், டெலீட்: எந்த அனுமதி கேட்பது?

இருப்பதிலேயே குறைந்தது. பிறகு தேவைப்பட்டால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். படங்களைப் பார்க்க மட்டும் செய்யும் செயலி டெலீட் அனுமதி கேட்டால், விவரம் தெரிந்த பயனர் அந்தப் பக்கத்திலேயே திரும்பிவிடுவார். உங்கள் சர்வர் ஒரு நாள் உடைக்கப்பட்டால், ரீட் டோக்கனோடு திருடன் என்ன செய்ய முடியும், டெலீட் டோக்கனோடு என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருடைய பதினைந்து வருடக் குடும்பப் படங்கள் அந்தக் கணக்கில் இருக்கலாம்.

படம் ஏற்றுவது எப்படி?

ஏற்றுவதற்குத் தனி முகவரி. போஸ்ட் கோரிக்கை, கோப்பையும் மற்ற புலங்களையும் ஒன்றாக அனுப்பும் மல்டிபார்ட் வடிவம். ஃபோட்டோ என்ற புலத்தில் கோப்பு போகும். அந்தப் புலத்தை மட்டும் கையொப்பக் கணக்கில் சேர்க்கக்கூடாது, மற்ற எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். வெற்றி என்றால் புதிய படத்தின் ஐடி வரும். பெரிய அளவில் ஏற்றுகிறீர்கள் என்றால் ஏசிங்க் என்பதை 1 ஆக்குங்கள். ஐடிக்குப் பதிலாக டிக்கெட் வரும், அதை வைத்து வேலை முடிந்ததா என்று பிறகு கேட்கலாம். சோதிக்கும்போது இஸ்பப்ளிக் 0 என்று வைப்பது நல்லது. இலவசக் கணக்கில் 1,000 படம் வரைதான் இடம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பொதுவில் இருக்கும் படம் என்றால் நான் பயன்படுத்தலாம்தானே?

இல்லை. பார்க்க அனுமதி என்பது வேறு, பயன்படுத்த அனுமதி என்பது வேறு. ஏபிஐ படத்தின் முகவரியைத் தந்துவிட்டதாலேயே அது உங்களுடையதாகிவிடாது. ஒவ்வொரு படத்திலும் லைசென்ஸ் என்ற எண் வருகிறது. 0 என்றால் எல்லா உரிமையும் எடுத்தவருக்கே. 4 என்றால் கிரியேட்டிவ் காமன்ஸில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை. 2 என்றால் பெயரும் வேண்டும், வணிகமும் கூடாது. 9 என்றால் எடுத்தவர் உரிமைகளை விட்டுக்கொடுத்த சிசி0. 7 என்பது அறியப்பட்ட பதிப்புரிமைத் தடை இல்லாதவை. 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோடு தொடங்கிய தி காமன்ஸ் திட்டத்துப் படங்கள் இதில் வரும். பட்டியல் வளர்ந்துகொண்டிருப்பதால் எண்களை நிரலில் பதித்துவிடாமல் லைசென்சஸ்.கெட்இன்ஃபோ அழைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போதே லைசென்ஸ் அளவுருவில் வேண்டிய எண்களைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். காட்டும்போது படத்தின் அருகிலேயே எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், ஃபிளிக்கரில் உள்ள பட பக்கத்துக்கு இணைப்பு மூன்றையும் வையுங்கள். அந்த இணைப்பு ஃபிளிக்கரின் விதியே. எக்ஸ்ட்ராஸில் ஓனர்நேம் கேட்க ஒரு சொல் போதும். அதைக்கூடச் சேர்க்காமல் யாரோ விடியற்காலையில் எழுந்துபோய் எடுத்த படத்தைப் பெயரில்லாமல் காட்டுவது சரியே இல்லை. ஒரு பக்கத்தில் 30 பயனர் படங்களுக்கு மேல் காட்டக்கூடாது என்ற விதியும் உண்டு. அதோடு, உங்கள் செயலி ஃபிளிக்கர் ஏபிஐ-யைப் பயன்படுத்துகிறது, ஆனால் ஸ்மக்மக் அதை அங்கீகரிக்கவோ சான்றளிக்கவோ இல்லை என்ற அறிவிப்பையும் எங்காவது தெரியும்படி வைக்க வேண்டும்.

சீக்ரெட்டைத் தவறுதலாகக் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டேன்.

கோப்பை நீக்கினால் போதாது. பழைய கமிட்டில் அது இருக்கும். அந்தக் கீயை நீக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். இனிமேல் சூழல் மாறியில் வையுங்கள். மொபைல் செயலிக்குள் சீக்ரெட்டைப் பதித்தாலும் இதே கதிதான். செயலியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். நடுவில் உங்கள் சர்வர் ஒன்று இருந்து கையொப்பம் போடட்டும்.

எடுத்தவர் படத்தை நீக்கிவிட்டாலோ தனிப்பட்டதாக மாற்றிவிட்டாலோ நான் என்ன செய்வது?

உங்கள் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். நியாயமான காலத்துக்கு மேல் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியிலும் இருக்கிறது. அதனால் முகவரியை நிரந்தரமாகச் சேமிக்காமல் ஐடியைச் சேமியுங்கள். தினம் ஒருமுறை கெட்இன்ஃபோ அழைத்துச் சரிபாருங்கள். பிழை எண் 1 வந்தால் படம் இல்லை, அல்லது அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டில் எது என்று ஃபிளிக்கர் சொல்லாது, நமக்கும் தெரிய வேண்டியதில்லை. சிறுபடம், தற்காலிக நகல், தேடல் அட்டவணை எல்லாவற்றிலிருந்தும் அந்த ஐடியை நீக்குங்கள். 105 வந்தால் மட்டும் நீக்காதீர்கள். அது ஃபிளிக்கர் பக்கத்துத் தடங்கல், அடுத்த ஓட்டத்தில் மறுபடி கேளுங்கள். உரிமம் மாறியிருக்கிறதா என்பதையும் அதே அழைப்பில் பார்த்துவிடலாம்: கெட்இன்ஃபோ பதிலில் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறது.